யார் சொல்வது, எப்போது சொல்வது: பாட்காஸ்ட் காலக் குற்றப்புனைவில் திருநர்

குற்றப்புனைவில் திருநர் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று ஆராயப் புகுபவர்கள் பெரும்பாலும் தலை எண்ணுவதில் நின்றுவிடுகிறார்கள். கொலையாளியாக இத்தனை பேர், பிணமாக இத்தனை பேர், துப்பறிபவராக இத்தனை பேர் என்று பட்டியல் நீளும். பட்டியலின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன்படி பார்த்தால், ஒரு கெட்ட திருநங்கைக்குப் பதில் ஒரு நல்ல திருநங்கையை வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிட வேண்டும். நேராவதில்லை. நல்லவராக வரும் பாத்திரமும் கதையில் ஒரு துப்பாகவே கையாளப்படலாம். ஒருவருடைய பாலினம் பற்றிய தகவல் கதையின் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது, யார் வாயிலிருந்து வருகிறது, வந்ததும் எந்த முடிச்சு அவிழ்கிறது என்பவையே இந்தக் கட்டுரையின் கேள்விகள். நிஜக் குற்றங்களைத் தொடராகச் சொல்லும் பாட்காஸ்டும், அதைக் கதைக்களமாக்கிய நாவல்களும் வந்த பிறகு இவை கூர்மையாகிவிட்டன. ஏனென்றால் பாட்காஸ்ட் என்பதே தகவலைப் பிடித்துவைத்து வாராவாரம் அவிழ்த்துவிடும் கலை.

2014ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அந்த ஜனவரியில் கிராண்ட்லேண்ட் என்ற அமெரிக்க விளையாட்டு இணைய இதழில் ஒரு புலனாய்வுக் கட்டுரை வந்தது. ஜூன் 9 தேதியிட்ட டைம் இதழ் நடிகை லவர்ன் காக்ஸின் படத்தை அட்டையில் போட்டு, திருநர் உரிமையில் ஒரு திருப்பம் நேர்ந்துவிட்டது என்று அறிவித்தது. அதே மாதம் 19ஆம் தேதி ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில் ஜே. கே. ரௌலிங் எழுதிய 'தி சில்க்வார்ம்' நாவல் வெளியானது. அக்டோபர் 3 அன்று சாரா கோனிக்கின் 'சீரியல்' பாட்காஸ்ட் ஒலிக்கத் தொடங்கியது. இவை ஒன்றையொன்று அறிந்து நடந்தவையல்ல. ஆயினும் திருநர் பொதுவெளியில் முகம் காட்டிய அதே ஆண்டில், அடுத்தவர் வாழ்க்கையைத் துருவிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காக்கும் வடிவமும் பெருவழக்காகியது.

'தி சில்க்வார்'மில் பிப்பா என்ற இளம் திருநங்கை வருகிறாள். கொலையுண்ட எழுத்தாளரின் கையெழுத்துப் படியில், அவரை அறிந்தவர்களின் அந்தரங்கங்கள் எல்லாம் அருவருப்பான உருவகங்களாகச் சந்திக்கு இழுக்கப்படுகின்றன. பிப்பாவும் அதில் உண்டு. பிறர் ரகசியத்தை அம்பலப்படுத்துவது எவ்வளவு பெரிய வன்முறை என்பதே நாவலின் கரு. அப்படிப்பட்ட நாவலில் துப்பறிவாளன் ஸ்ட்ரைக் அவளை அடையாளம் காண்பது எப்படி? தொண்டைக் குமிழைப் பார்த்து, கைகளைப் பார்த்து. அதன் பிறகு, சிறைக்குப் போனால் அவள் உடலுக்கு என்ன நேரும் என்று மிரட்டி அவளைப் பேசவும் வைக்கிறான். பிப்பா கொலைகாரி இல்லை, கொடியவளும் இல்லை, பரிதாபத்துக்குரியவளாகவே வருகிறாள். பட்டியல்காரர்கள் அவளை நடுநிலைப் பத்தியில் எழுதிவிட்டுப் போய்விடக்கூடும். ஆனால் கதை அவள் உடலை நடத்தும் விதம் சிகரெட் சாம்பலையும் காலடித் தடத்தையும் நடத்தும் விதந்தான்.

இந்தப் பழக்கத்தின் வேர் ஆழமானது. 1830இல் பால்சாக் எழுதிய 'சாரசீன்' கதையில், ஒரு சிற்பி ரோமாபுரி மேடையில் பாடும் லா ஸாம்பினெல்லா மீது பித்தாகிறான். பாடுபவர் பெண் அல்லர், சிறுவயதில் காயடிக்கப்பட்ட பாடகர் என்பது பிந்தித்தான் அவனுக்குத் தெரிகிறது. தெரிந்த கையோடு கொல்லப்படுகிறான். இந்தக் கதையைத்தான் ரோலான் பார்த் 1970இல் 'எஸ்/ஸெட்' நூலில் 561 துண்டுகளாக வெட்டி, ஒரு கதை வாசகரை எப்படிக் கட்டிப்போடுகிறது என்று விளக்கினார். புதிரை எழுப்புவது, விடையைத் தள்ளிப்போடுவது, பொய்த் தடயம் காட்டுவது, பாதி விடை தருவது, கடைசியில் திரையை விலக்குவது என்ற அந்த வரிசையைத் துப்பறியும் கதை பற்றி எழுதும் எல்லோரும் இன்றைக்கும் கையாள்கிறோம். அந்த இலக்கணம் பிறந்தது ஒரு கொலை மர்மத்திலிருந்து அன்று. 'இந்த உடல் ஆணா பெண்ணா' என்ற கேள்வியிலிருந்து. ஸாம்பினெல்லாவை இன்றைய பொருளில் திருநர் என்று சொல்வது காலப் பிழை. ஆனாலும் நவீன கதையியல் தன் முதன்மையான புதிராக இதையே எடுத்துக்கொண்டதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

துப்பறியும் நாவல் இந்தப் புதிரை விட்டுவிடவே இல்லை. ரூத் ரெண்டலின் 'எ ஸ்லீப்பிங் லைஃப்' (1978) நாவலில் ரோடா காம்ஃப்ரி என்ற நடுவயதுப் பெண் குத்திக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். லண்டனில் அவளுக்கு ஒரு முகவரிகூட இல்லை. அவள் பையில் கிடைத்த பணப்பை கிரென்வில் வெஸ்ட் என்ற நாவலாசிரியரிடம் இட்டுச் செல்கிறது, அவரையோ காணோம். இருவரும் ஒருவரே என்பது முடிவு. ரெண்டல் இதற்குத் தரும் விளக்கம் பெண்ணியம் சார்ந்தது: பெண்ணாக இருந்து கிடைக்காத சுதந்திரம் ஆணாக வாழ்ந்தபோது கிடைத்தது. ஆய்வாளர் வெக்ஸ்ஃபோர்டின் மகள் சில்வியா பெண் விடுதலை பேசிக் கணவனோடு மோதும் கிளைக்கதையும் அதே திசையில் இழுக்கிறது. நுட்பமான நாவல்தான். ஆனால் கிரென்வில் வெஸ்டாக வாழ்ந்தவருக்கு அதுவே தன் இயல்பாக இருந்திருக்கலாமே என்ற நினைப்பு நாவலில் யாருக்கும் எழவில்லை. அவர் எழுதிய புத்தகங்கள், நண்பர்கள், குடியிருந்த வீடு எல்லாமே 'மறைப்பு' என்ற ஒரு தலைப்பின்கீழ் போய்விடுகின்றன.

வால் மெக்டெர்மிட்டின் 'தி மெர்மெய்ட்ஸ் சிங்கிங்' (1995) இன்னும் கடுமை. பிரிட்டிஷ் குற்ற எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குத்துவாள் விருது பெற்ற நாவல் அது. அத்தியாயங்களுக்கு நடுவே கொலையாளியின் நாட்குறிப்பு வருகிறது. எழுதுபவர் ஆண் என்றே வாசகரும் காவல்துறையும் நம்பிக்கொண்டிருக்க, முடிவில் அவர் ஒரு திருநங்கை என்பது திருப்பம். தன்பாலீர்ப்பாளர்கள் மீதான காவல்துறையின் இளக்காரத்தை அந்த நாவல் அளவுக்கு உரித்துக் காட்டியவை அன்று குறைவு, எழுதியவரும் தன்பாலீர்ப்பாளரே. இங்கே ஆசிரியரின் உள்நோக்கத்தைத் தேடிப் பிடிப்பது வீண் வேலை. வடிவத்துக்கு ஒரு திடுக்கிடல் தேவைப்பட்டது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த திடுக்கிடல் இதுதான்.

இந்த மரபுக்குள்ளேயே ஒரு மறுப்புரையும் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) முடியும் தறுவாயில், கொலையாளி நார்மன் பேட்ஸைப் பெண்வேடப் பிரியன் என்று ஒருவர் சொல்ல, மனநல மருத்துவர் அப்படியல்ல என்று திருத்துகிறார். தாமஸ் ஹாரிஸின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1988) நாவலில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் ஒருவர், பாலின மாற்றம் நாடி வரும் தம் நோயாளிகளைக் கொலையாளியோடு சேர்த்துப் பேசாதீர்கள் என்று எஃப்பிஐ அதிகாரியிடம் சீறுகிறார். 1991இல் வந்த படத்திலும் கொலையாளி உண்மையான திருநர் அல்லன் என்று, சிறையிலிருக்கும் மனநல மருத்துவன் லெக்டர் சொல்கிறான். இரண்டு கதைகளுக்கும் மூலச்சரக்கு 1957இல் விஸ்கான்சினில் பிடிபட்ட கொலைகாரன் எட் கீன். அவனைப் பற்றிய 2025ஆம் ஆண்டு நெட்ஃப்ளிக்ஸ் தொடரிலும், 1950களின் புகழ்பெற்ற திருநங்கை கிறிஸ்டீன் ஜோர்கென்சன் வானொலி வழியே கற்பனையாக வந்து, நீ என்னைப் போன்றவன் அல்லன் என்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அறுபத்தைந்து வருஷமாக ஒரே மறுப்பு. மறுப்பைச் சொல்ல ஒரு வசனம் போதும். அந்த வசனம் வருவதற்குள் கண்ணாடி முன் நிற்கும் உடலைக் காட்டிப் பார்வையாளரின் முதுகுத்தண்டைச் சில்லிட வைத்தாகிவிட்டது. அரங்கைவிட்டுப் போகிறவர் சில்லிப்பைத்தான் எடுத்துப் போகிறார்.

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் திரைவிலக்கல் கொஞ்சம் அந்நியமாகவே படும். 'அப்பு' (2000) படத்தில் பிரகாஷ்ராஜின் மகாராணி முதலிலேயே தன் கோலத்தோடு வருகிறாள். அங்கே கொடுமை கேலியிலும் பூச்சாண்டியிலும் இருக்கிறது, ரகசியத்தில் இல்லை. திருநங்கையர் தெருவில் தெரியும் ஒரு சமூகமாக வாழும் இடத்தில் 'கண்டுபிடித்தல்' என்ற உத்திக்கு வேலை குறைவு. ஆங்கிலக் குற்றக்கதையின் வன்முறை, அண்டைவீட்டார் அறியாமல் கலந்து வாழ்பவரைக் 'கண்டுபிடிப்பதில்' இருக்கிறது.

மேலே சொன்ன கிராண்ட்லேண்ட் கட்டுரைக்கு வருகிறேன். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் தள்ளும் ஒரு புதுவகை மட்டையைக் கண்டுபிடித்தவர் பற்றியது அது. கட்டுரையில் அவர் 'டாக்டர் வி'. ஆராய்வதானால் மட்டையின் அறிவியலை ஆராயுங்கள், என்னை ஆராயாதீர்கள் என்ற நிபந்தனையோடுதான் அவர் பேசச் சம்மதித்திருந்தார். அவர் சொல்லிக்கொண்ட கல்வித் தகுதிகளும் ராணுவ ஆய்வுப் பணியும் பொய் என்று நிருபர் கண்டுபிடித்தார். இதுவரை நியாயமான செய்தி; முதலீடு செய்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆனால் துருவிக்கொண்டே போனதில் அவர் திருநங்கை என்பதும் தெரியவந்தது. அதை நிருபர் ஒரு முதலீட்டாளரிடம் சொன்னார். கட்டுரையில் அந்த இடத்தை, தன் முதுகுத்தண்டில் குளிர் ஏறிய தருணமாக எழுதினார். கட்டுரை வருவதற்கு முன்பே, 2013 அக்டோபரில், டாக்டர் வி தற்கொலை செய்துகொண்டார். அதுவும் கட்டுரையின் இறுதித் திருப்பமாகச் சேர்ந்தது. வெளியீட்டுக்கு முன் 13 முதல் 15 பேர் அதைப் படித்தார்கள் என்றும், அவர்களில் திருநர் ஒருவரும் இல்லை என்றும் இதழின் ஆசிரியர் பின்னர் மன்னிப்புக் கடிதத்தில் எழுதினார்.

இந்தக் கட்டுரையின் பிழையை ஊடக அறம் என்ற தலைப்பில் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கட்டுமானம். பட்டம் பொய், வேலை பொய், பாலினமும் பொய் என்று மூன்றையும் ஒரே ஏணியின் படிகளாக அடுக்கியது அது. உச்சிப்படியில் எதை வைத்தால் வாசகர் அதிகம் அதிர்வார் என்ற தேர்வில், பணமோசடியைவிட உடல் மேலே போயிற்று. முந்தைய பல பத்தாண்டுத் துப்பறியும் நாவல்கள் பழக்கித் தந்த கை அது. நிருபர் புனைவு எழுதவில்லை. ஆனால் புனைவின் ஏணியில்தான் ஏறினார்.

ஒன்பது மாதம் கழித்து 'சீரியல்' வந்தது. 1999இல் பால்டிமோரில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்டதையும், அதற்காக அத்னான் சையத் தண்டிக்கப்பட்டதையும் கோனிக் பன்னிரண்டு எபிசோட்களில் மறுவிசாரணை செய்தார். அதன் புதுமை விசாரணையில் இல்லை, பேச்சில் இருந்தது. எனக்குத் தெரியவில்லை, நேற்றுவரை இப்படி நினைத்தேன், இன்றைக்குக் குழப்பமாக இருக்கிறது என்று கதைசொல்லி காதோரம் பேசிக்கொண்டே போகிறார். பழைய துப்பறிவாளர் முடிவை அறிந்தவர். இவர் நம்மோடு சேர்ந்து தேடுபவர். இதில் ஒரு சாதுரியம் உண்டு. தேடலே கதையாகிவிட்டால், தேடும்போது கைக்குக் கிடைத்த எதையும் சொல்லிவிடலாம். அதே குழுவிலிருந்து 2017இல் வந்த 'எஸ்-டவுன்' இதை அப்பட்டமாகக் காட்டியது. அலபாமாவில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கொலையைத் தேடிப் போனார்கள், கொலையே நடக்கவில்லை. அந்தக் கொலையைத் தேடச் சொல்லி அவர்களை அழைத்த மனிதர் இடையில் தற்கொலை செய்துகொள்ள, ஏழு எபிசோட்களின் புதிராக அவருடைய பாலீர்ப்பும் அந்தரங்கமும் ஆயின. ஒலிப்பதிவுக்கு வெளியே சொன்னவையும் அதில் வந்தன. அவருடைய சொத்துப் பொறுப்பாளர் 2018இல் வழக்குப் போட்டார், 2020இல் சமரசமானது. இறந்த அந்த மனிதர் திருநர் அல்லர். ஆனால் குற்றம் கிடைக்காதபோது இந்த வடிவம் எதைத் தின்னும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பாட்காஸ்டில் முகம் கிடையாது. குரல்தான் உடல். தொலைபேசியில் குரலை மட்டும் வைத்து 'சார்' என்று கூப்பிடப்படும் திருநங்கைகளுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும்: கேட்பவர் காதுதான் தீர்ப்பு எழுதுகிறது. நிஜக் குற்ற ஒலிப்பதிவுகளில் நான் இங்கே பேச வேண்டிய ஒன்று, பாட்காஸ்ட் என்ற சொல்லே இல்லாத காலத்தது. 1993 டிசம்பரில் நெப்ராஸ்காவின் ஃபால்ஸ் சிட்டியில் பிரண்டன் டீனா என்ற இருபத்தொரு வயதுத் திருநம்பி காசோலை மோசடிக்காகக் கைதானார். சிறையில் பெண்கள் பகுதியில் அடைத்தார்கள். பிறப்புப் பெயரோடு கைதுச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. ஊருக்குத் தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று அவருடைய நண்பர்களாக இருந்த இருவர் அவரை வன்புணர்ந்தார்கள். அவர் ஷெரிஃபிடம் புகார் கொடுத்தார். அந்த விசாரணையின் ஒலிநாடா இருக்கிறது. 'தி பிரண்டன் டீனா ஸ்டோரி' (1998) ஆவணப்படத்தில் அதைக் கேட்கலாம். கேள்விகள் குற்றத்தைச் சுற்றி வருவதைவிட, ஏன் பெண்களோடு சுற்றுகிறாய், உடம்பில் என்ன வைத்திருக்கிறாய் என்பதைச் சுற்றியே வருகின்றன. பதில்கள் சுருங்கிச் சுருங்கி ஒற்றைச் சொல்லாகின்றன. ஷெரிஃப் அந்த இருவரையும் கைது செய்யவில்லை. டிசம்பர் 31 அன்று ஹம்போல்ட் அருகே ஒரு பண்ணைவீட்டில் பிரண்டனையும் உடனிருந்த இன்னும் இருவரையும் அவர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஷெரிஃபின் நடத்தை வரம்பு மீறிய கொடுமை என்று 2001இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த வழக்கில் யார் கொன்றது என்ற மர்மமே இல்லை. துப்பறியும் கதையின் இலக்கணப்படி இது கதையே ஆகாது. ஆனால் தகவல் எப்படி நகர்ந்தது என்று பார்த்தால் வேறொன்று புலப்படும்: வழக்கமான நாவலில் கடைசி அத்தியாயத்தில் வரும் 'வெளிப்பாடு' இங்கே முதலில் நடக்கிறது, அதைத் தொடர்ந்துதான் எல்லாக் குற்றமும் நடக்கிறது. ரெண்டலும் மெக்டெர்மிட்டும் விடையாக வைத்ததை ஃபால்ஸ் சிட்டி தொடக்கமாக வைத்தது. (பிரண்டனோடு கொல்லப்பட்ட ஃபிலிப் டிவைன் என்ற கறுப்பின இளைஞரை 1999இல் வந்த 'பாய்ஸ் டோன்ட் க்ரை' படம் கதையிலிருந்தே நீக்கிவிட்டது. யாரைச் சொல்வது என்பதும் யாரைச் சொல்லாமல் விடுவது என்பதும் ஒரே கையின் வேலைதான்.)

பாட்காஸ்டைக் கதைக்களமாக்கிய நாவல்கள் இந்த அதிகாரத்தைப் பற்றி யோசித்திருக்கின்றன. சிறந்த எடுத்துக்காட்டு கோர்ட்னி சம்மர்ஸின் 'சேடி' (2018). தங்கையைக் கொன்றவனைத் தேடிப் போகும் பதின்வயதுப் பெண் சேடி. அவளைத் தேடிப் பாட்காஸ்ட் நடத்துபவர் வெஸ்ட் மெக்கிரே. ஒரு அத்தியாயம் பாட்காஸ்டின் எழுத்துப்படி, அடுத்தது சேடியின் தன்மொழி. சேடிக்குத் திக்குவாய். பாட்காஸ்டில் எல்லோரும் அவளைப் பற்றிச் சரளமாகப் பேசுகிறார்கள்; அவள் குரல் அங்கே ஒலிப்பதே இல்லை. அவள் அத்தியாயங்களில் மட்டுமே அந்தத் திக்கல் உண்டு. வெஸ்ட் மெனக்கெட்டுத் தேடும் பலவற்றை வாசகர் முன்பே அறிந்திருக்கிறார். ஆனால் கடைசியில் அவள் கதி என்ன என்பது வெஸ்டுக்கும் கிடைப்பதில்லை, நமக்கும் கிடைப்பதில்லை. தெரிந்துகொண்டே தீருவேன் என்ற கேட்பவரின் உரிமையை நாவல் பறித்துவிடுகிறது. எலைசா கிளார்க்கின் 'பெனன்ஸ்' (2023) வேறு வழியில் போகிறது: பிரெக்ஸிட் வாக்கெடுப்பு இரவில் நடந்த ஒரு கொலையைப் பற்றிப் பத்திரிகையாளர் எழுதிய நூலாகத் தன்னைக் காட்டி, அந்த ஆளையே நம்ப முடியாமல் செய்கிறது. எனக்கு 'சேடி'தான் மேல். கதைசொல்லியைப் பொய்யன் என்று காட்டுவது எளிது. நல்ல எண்ணமுள்ள கதைசொல்லிக்கும் எட்டாத ஒன்று உண்டு என்று காட்டுவது கடினம்.

இந்த நாவல்களில் திருநர் வாழ்வு மையத்துக்கு வரவில்லை. அதை மையமாக வைத்த குற்றப்புனைவுகளோ பெரும்பாலும் பாட்காஸ்டைத் தொடாமல் பழைய வடிவங்களுக்குள் வேலை செய்கின்றன. நியூஜெர்சியில் வழக்கறிஞராக இருக்கும் ராபின் கிகிலின் 'பை வே ஆஃப் சாரோ' (2021) அவற்றில் முக்கியமானது. கிகில் திருநங்கை, அவருடைய நாயகி வழக்கறிஞர் எரின் மெக்கேபும் அப்படியே. செல்வாக்குள்ள ஓர் அரசியல்வாதியின் மகனைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட இளம் கறுப்பினத் திருநங்கைக்காக அவள் வாதாடுகிறாள். கத்தியால் குத்தியது யார் என்பதில் மர்மமில்லை. செத்தவன் எப்படிப்பட்டவன், அவன் தந்தை எதை மூடி மறைக்கிறார் என்பவையே புதிர். எரினின் கடந்தகாலம் வாசகருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால் அதைத் துப்பாகப் பயன்படுத்தக் கதைக்கு வழியில்லை. நடை சில இடங்களில் சட்டப் பாடம் போல் இருக்கிறது, உரையாடல் விறைப்பாகவும் இருக்கிறது. இருந்தும் ரகசியம் என்ற சுமையைத் திருநங்கையின் தோளிலிருந்து இறக்கி, பணமும் பதவியும் உள்ள ஆணின் தோளில் ஏற்றியது வடிவ அளவில் ஒரு சாதனை. சித்திரிப்பு என்பதை இங்கேதான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. சில வழக்குகளில் பாலினம் உண்மையிலேயே துப்புதானே? புளோரிடாவின் லேக் கவுன்டியில் 1988இல் கிடைத்த, 'ஜூலி டோ' என்று அழைக்கப்பட்ட பெயர் தெரியாத உடலை எடுத்துக்கொள்ளலாம். பிரேதப் பரிசோதனை அவரைப் பெண் என்றது. இடுப்பெலும்பைப் பார்த்துக் குழந்தை பெற்றவர் என்றும் சொன்னது. காணாமல் போன பெண்களின் பட்டியலில் ஆண்டுக்கணக்காகத் தேடினார்கள். 2015இல் மரபணுச் சோதனைதான் அவர் திருநங்கை என்று காட்டியது. மரபணு வம்சாவளி ஆய்வு மூலம் 2025இல் பெயர் கிடைத்தது. ஆக, அந்தத் தகவல் இல்லாமல் அவர் அடையாளம் திரும்பியிருக்காது. எதிர்வாதத்தை ஏற்கிறேன். ஆனால் இங்கே மறைத்தவர் யார் என்று கேட்க வேண்டும். அவர் எதையும் மறைக்கவில்லை. பாவாடையோடும் மார்பகப் பொருத்துடனும் தன் வாழ்வை வாழ்ந்தபடியே கிடந்தார். இப்படியும் ஒரு பெண் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்காதவை விசாரணையின் படிவங்கள். புதிர் அவரிடம் இல்லை, தேடியவர்களிடம் இருந்தது. இதை மையமாக வைத்து ஒரு பாட்காஸ்ட் நாவல் எழுதினால், தேடுபவரின் அறியாமையைப் படிப்படியாக அவிழ்க்கும் கதையாக அது அமைய முடியும். 'சீரியல்' பழக்கிய அந்த 'எனக்குத் தெரியவில்லை' என்ற தொனி முதன்முறையாக நடிப்பாக இல்லாமல் நிஜமாகும்.

அப்படியொரு நாவலை எழுதுபவர் முதல் பக்கத்திலேயே ஒரு நடைமுறைச் சிக்கலைச் சந்திப்பார். 'சேடி'யில் போல, எழுத்துப்படியில் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் பேசுபவர் பெயரும் முக்காற்புள்ளியும் வரும். அம்மா ஒரு பெயரில் பேசுவார், தோழி வேறு பெயரில் பேசுவார், காவல்துறைப் பதிவேட்டில் மூன்றாவது ஒன்று இருக்கும்; இறந்தவர் விட்டுப்போன பழைய குரல்பதிவு ஒன்று ஒலிக்கும்போது முக்காற்புள்ளிக்கு இந்தப் பக்கம் எந்தப் பெயரை அச்சிடுவது என்பதை எழுத்துப்படி தயாரிப்பவர்தான் முடிவு செய்தாக வேண்டும். கேட்பவருக்கு அந்த முடிவு காதில் விழாது. படிப்பவருக்கு ஒவ்வொரு வரியிலும் கண்ணில் படும்.